தோப்புப் பாதைக்கு ஒரு பிளேடு

மினி டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணை நிரவும் சாமானில் மூன்று வகை உண்டு என்பது எனக்கு ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதற்கு முன் முப்பது வருடத்துக்கு மேல் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பிட்டராக இருந்தேன். மிஷின் எதுவானாலும் கழற்றி மாட்டிவிடுவேன் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. மண் மட்டும் என் இலாகாவில் வரவில்லை. அது என் மனைவியின் இலாகா.

தென்னந்தோப்பு அவள் பிறந்த வீட்டு வழியில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. தினமும் காலையில் பஸ் ஏறிப் போய், மோட்டார் போட்டு, ஆட்களை வேலை வாங்கி, மினி டிராக்டரையும் தானே ஓட்டி உழுதுவிட்டு மாலையில் வீடு திரும்புவாள். நான் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. இளநீர் குடிப்பேன், மோட்டாரில் சத்தம் வந்தால் கிரீஸ் வைப்பேன், நிழலில் படுத்து ஒரு தூக்கம் போடுவேன். அத்தோடு என் விவசாயம் முடிந்தது.

மாசி மாதம் ஒரு காலையில் தோப்புத் தண்ணீர்த் தொட்டியடியில் பாசி வழுக்கி அவள் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. விழுந்த இடத்திலிருந்தே மூன்று தடவை எனக்குப் போன் அடித்திருக்கிறாள். மில்லுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. என் போன் லாக்கரில் கிடந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பக்கத்துத் தோப்புக்காரரின் ஆட்கள் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்து வந்து தூக்கியிருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து நான் போனைப் பார்த்தபோது அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. அடுத்த மாதமே வேலையை விட்டேன். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

ஆபரேஷன் செய்து எலும்பில் ஸ்டீல் பிளேட் வைத்தார்கள். ஆனி மாதம் கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடந்தாள். ஆவணியில் டாக்டர், இனி வெளியே போய் வரலாம், ஆனால் வண்டி ரொம்பக் குலுங்கக் கூடாது என்றார். வீட்டுக்கு வரும் வழியில், “அப்ப தோப்புக்கு ஒரு எட்டு போயிட்டு வந்திருவமா?” என்று கேட்டேன்.

“பாதை கெடக்குற கெடையில எப்பிடிங்க போக?” என்றாள்.

நியாயமான கேள்விதான். தார் ரோட்டிலிருந்து தோப்புக்கு முக்கால் கிலோமீட்டர் மண் பாதை. நாலு தோப்புக்காரர்களுக்கும் பொது. பொது என்றால் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள் என்று அர்த்தம். அவரவர் தோப்புக்கு முன்னால் வண்டி இறங்கி ஏறினால் அவரவர் ஒரு கூடை மண்ணைக் கொட்டுவார்கள், அவ்வளவுதான். இந்த ஆறு மாதத்தில் இன்னும் மோசமாகியிருந்தது, ஆட்டோவில் போனால் உள்ளே இருப்பவர் தலை மேலே முட்டும்.

பாதையைவிட எனக்கு வேறொன்று பயமாக இருந்தது. அவள் தோப்பைப் பற்றிக் கேட்பதையே நிறுத்தியிருந்தாள். முதல் இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தபடி, மேற்கு வரிசைக்குத் தண்ணீர் பாய்ந்ததா, காட்டுப்பன்றி தென்னங்கன்றைத் தோண்டியதா என்று உயிரை வாங்கினாள். பிறகு அது குறைந்தது. காய் வெட்டு முடிந்து வந்து நானே கணக்கு ஒப்பித்தால்கூட, “சரி” என்பாள். டி.வி. ஓடிக்கொண்டிருக்கும், கண் அதில் இருக்காது. முப்பது வருடம் என்னை அதட்டிய பெண்பிள்ளை இப்போது “சரி, சரி” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை தோப்பைக் கண்ணால் பார்த்துவிட்டால் பழையபடி ஆகிவிடுவாள், பாதை ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது என்று முடிவு கட்டினேன். அதைச் சரி பண்ணுவது ஒரு மெயிண்டனன்ஸ் வேலை. மெயிண்டனன்ஸ் எனக்கு வரும்.

முதலில் ராஜபாளையத்தில் ஒரு ஷோரூமுக்குப் போனேன். பிறகு வ. புதுப்பட்டியில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் பிளேடு வைத்திருக்கிற ஒருவரைத் தேடிப் போய், அவர் ஓட்டுவதை அரை நாள் வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். டேப்பை எடுத்து எங்கள் டிராக்டரின் டயர் அகலத்தை நாலு தடவை அளந்தேன். ஒரு நோட்டுப் போட்டு எழுதியும் வைத்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு விசாரிக்கவில்லை.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பட்டறைக்குப் போனேன். அந்தப் பட்டறைக்காரர் டிராக்டர் சாமான்களைத் தானே வெல்டு அடித்துச் செய்பவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வாசலில் மூன்று வகையும் வரிசையாகக் கிடந்தன. ஒன்று பின் பிளேடு: ஒரே ஒரு வளைந்த தகடு, அதைச் சாய்த்து வைத்தால் மண்ணை ஓரத்திலிருந்து நடுவுக்கோ நடுவிலிருந்து ஓரத்துக்கோ தள்ளும். இன்னொன்று நீளமான லெவலர்: இரண்டு பக்கமும் சறுக்குச் சட்டம், நடுவில் இரண்டு தகடு, மேட்டைச் சீவிப் பள்ளத்தில் போட்டுக்கொண்டே போகும். மூன்றாவது பெட்டி பிளேடு: மூன்று பக்கம் அடைத்த பெட்டி, அதற்கு முன்னால் ஐந்து இரும்புப் பல். பல் மண்ணைக் கிளறும், கிளறியதைப் பெட்டி வாரிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கொட்டும்.

எனக்குப் பார்த்ததும் பிடித்துப்போனது பெட்டிதான். கனம், ஒழுங்கு, நாலு மூலையும் மட்டம். மில் மிஷினோடு பிறந்த தங்கச்சி மாதிரி இருந்தது.

பட்டறைக்காரர் அவசரப்படவில்லை. “பாதை மண்ணுப் பாதையா, சரளையா?” என்று கேட்டார்.

“செம்மண்ணும் சரளையும். எறுகிக் கெடக்கு.”

“அடியில என்ன கெடக்கு அண்ணாச்சி?”

“அடியில என்ன, மண்ணுதான்.”

“அப்பிடிச் சொல்லாதீய. பாதைன்னா அடியில ஆயிரம் கெடக்கும். பல்லு போட்டுக் கிண்டிட்டா பொறவு நம்ம கையில இல்ல பாத்துக்கோங்க. நீங்க இந்த லெவலரையே எடுத்துட்டுப் போங்க. அது மேலாப்புல சீவிக்கிட்டுப் போகும், ஒண்ணும் பண்ணாது.”

ஒன்றும் பண்ணாத ஒரு சாமானை எதற்கு வாங்க வேண்டும் என்று எனக்குள் கோபம் வந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன் நான். இருந்தாலும் வீட்டுக்குப் போன் போட்டேன். இன்ன மூன்று இருக்கிறது, நான் பெட்டியை எடுக்கப்போகிறேன் என்று சொன்னேன்.

“பல்லு வச்சதா?” என்று கேட்டாள்.

“ஆமா, அஞ்சு பல்லு.”

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

“உங்க இஷ்டம்ங்க” என்றாள்.

அவள் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை. முப்பது வருடத்தில் முதல் தடவையாகத் தோப்பு விஷயத்தில் என்னை நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியை டிரெய்லரில் ஏற்றினேன். பட்டறைக்காரர் கயிறு கட்டிக் கொடுத்தார்.

புரட்டாசி முதல் வாரம் வேலையைத் தொடங்கினேன். டிராக்டர் ஓட்ட அந்த ஏழு மாதத்தில் கற்றிருந்தேன். பெட்டியை மாட்டி, அதன் சாய்வை மாற்றுகிற டாப் லிங்க் கம்பியைச் சுருக்கி, பல் மண்ணில் நன்றாக இறங்குகிறபடி வைத்தேன். முதல் முப்பது அடி பிரமாதம். இறுகின மண் புட்டு மாதிரி உதிர்ந்தது. பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

அதற்கப்புறம் டிராக்டர் முக்கியது. முன் சக்கரம் மண்ணிலிருந்து எழும்பியது. இறங்கிப் பார்த்தால் ஐந்து பல்லிலும் கறுத்த நாரும் சகதியுமாக ஏதோ கொத்துக் கொத்தாகத் தொங்கியது. இழுத்தேன். தேங்காய் உரிமட்டை. ஒன்றை உருவினால் அதன் கீழே இன்னொன்று, அதன் கீழே இன்னொன்று. இரண்டு சக்கரத் தடத்திலும் வரிசை வரிசையாக, பாய் விரித்த மாதிரி அடுக்கியிருந்தார்கள்.

காய் உரித்து முடிந்ததும் பள்ளத்தில் மட்டையைப் போடுகிற வழக்கம் எங்கள் பக்கம் எல்லாத் தோப்பிலும் உண்டு. அது எனக்கும் தெரியும். ஏதோ குப்பையைக் கொட்டுகிறார்கள், மக்கிப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அதை ஒருத்தி வருடா வருடம் ஆளைக் கொண்டு வரிசை பார்த்து அடுக்கி, மேலே சரளை போட்டு மூடிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது தெரியாது. அவள் அதை என்னிடம் மறைக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறவனிடம் என்ன சொல்வாள்?

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். எல்லாவற்றையும் கிளறி வெளியே போட்டுவிட்டு, சுத்தமான மண்ணை நிரவி, ரசமட்டம் வைத்துப் பார்த்த மாதிரி ஒரு பாதை போட்டுவிடுவேன் என்று இறங்கினேன். இரண்டு நாள் கிளறினேன். பாதை ஓரத்தில் மட்டை இடுப்பளவு குவிந்தது. மண்ணை வாரி மட்டம் பண்ணினேன். பலகை மாதிரி இருந்தது. போட்டோகூட எடுத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மலை பக்கம் இருட்டி, ஒரு மழை பெய்தது. பெரிய மழை இல்லை, முக்கால் மணி நேரம்தான். காலையில் போனால் பக்கத்துத் தோப்புக்காரரின் லோடு வண்டி, தேங்காய்ப் பாரத்தோடு, என் பலகைப் பாதையில் அச்சு வரை புதைந்து நிற்கிறது. மட்டமான பாதையில் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடவில்லை. குடிக்க மட்டையும் இல்லை. எல்லாம் களியாகிவிட்டது. மில் தரை மட்டமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மில்லுக்குக் கூரை உண்டு. இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவில்லை.

பக்கத்துத் தோப்புக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுபவர், என் மனைவிமேல் மரியாதை உள்ளவர். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களியில் நின்றார். “என்ன நைனா இது! அந்தம்மா இத்தனை வருசமா கட்டிக் காத்த பாதை. அவிய இருந்தா இப்பிடிப் பல்லைப் போட்டுக் கிண்ட விட்டுருப்பாவளா?” என்றார்.

பாரத்தை இறக்கி, என் டிராக்டரைக் கட்டி இழுத்து வண்டியை மேலே ஏற்ற மதியம் தாண்டிவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். ஐப்பசி மழை தொடங்க மூன்று வாரம்கூட இல்லை. பாதை இப்படியே கிடந்தால் தை வரை ஒரு வண்டி உள்ளே போகாது. அவள் தோப்புக்கு வருவதும் அத்தோடு அடுத்த வருடம்தான். அதற்குள் அவள் அதை அடியோடு விட்டுவிடுவாள். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து, கால் கழுவிவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டேன்.

கம்பு தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் திட்டவில்லை.

“மட்டையை எங்க போட்டீங்க?”

“ஓரமாத்தான் கெடக்கு.”

“எரிக்கலையே?”

“இல்லை.”

“நல்ல வேளை. முதல்ல பல்லு அஞ்சையும் கழட்டுங்க. டாப் லிங்க்கை நீட்டி வைங்க, பெட்டி பின்பக்கம் சாஞ்சாத் தோண்டாது, தடவிக்கிட்டுப் போகும். தடத்துல மட்டையை நார்ப் பக்கம் கீழ இருக்கிற மாதிரி அடுக்குங்க. நெருக்கமா. மேல ஓடைச் சரளை. பொறவு பெட்டியைத் தூக்குற வலது பக்கக் கையை ஒரு நாலு விரக்கடை இறக்கிட்டு, போகும்போது ஒரு பக்கம், வரும்போது ஒரு பக்கம் ஓட்டுங்க. நடு முதுகு எழும்பி ரெண்டு பக்கமும் தண்ணி வழியணும். எம்புட்டு உயரம்னு கேக்காதீங்க. பாத்தா ஆமை முதுகு மாதிரி தெரியணும், அம்புட்டுதான்.”

பல மாதமாக அவள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்கவில்லை. எழுந்து உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். “எழுதாதீங்க, காதுல வாங்குங்க” என்று அதட்டினாள். அந்த அதட்டலில் பசி வந்து, ஆறின சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன்.

பல்லைக் கழற்றிய பெட்டி நல்ல பெட்டிதான். குறை சாமானில் இல்லை. பக்கத்துத் தோப்புக்காரர் இரண்டு ஆட்களை அனுப்பினார். கோபம் தணிந்ததாலா, தன் தேங்காய் வெளியே போக வேண்டும் என்பதாலா என்று நான் விசாரிக்கவில்லை. ஆறு நாள் வேலை. ஒவ்வொரு நாளும் போனில் வீடியோ போட்டுக் காட்டினேன். “அந்த இடத்துல இன்னும் ரெண்டு வரிசை வைங்க, அங்க ஊத்து உண்டு” என்பாள். அந்த முக்கால் கிலோமீட்டரும் அவளுக்கு மனப்பாடம். நடுவில் இரண்டு மழை பெய்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து போனது.

கடைசி நாள் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரை வரவழைத்து, அவள் உட்காரப்போகிற சீட்டில் ஒரு செம்பு நிறையத் தண்ணீரை வைத்து, தார் ரோட்டிலிருந்து தொட்டிவரை மெதுவாக ஓட்டச் சொன்னேன். செம்பைப் பிடிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு மடக்குத் தண்ணீர்தான் சிந்தியது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், “நாளைக்கு வா, போவோம்” என்றேன். அவள் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். “ம்” என்றாள்.

மறுநாள் காலை கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்வரை வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். ஆட்டோ மண் பாதையில் இறங்கியது. குலுங்கவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன், பாராட்டு வரும் என்று. அவள் முகம் வெளிறியிருந்தது. முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தொட்டி கண்ணில் பட்டதும், “நிப்பாட்டச் சொல்லுங்க” என்றாள்.

ஆட்டோ நின்றது. டிரைவர் பீடி குடிக்க இறங்கிப் போனார்.

“வலிக்குதா?” என்று கேட்டேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு, “பல்லு வச்சதை வாங்காதீங்கன்னு அன்னைக்கே சொல்லிருக்கலாம். மட்டை மாட்டும்னு தெரியும். சொல்லலை” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. “ஏன் சொல்லலை?”

“பாதை சரியாப் போச்சுன்னா நான் வரணும்ல.”

தொட்டியைப் பார்த்தபடியே பேசினாள். “அன்னைக்கு அங்கதான் கெடந்தேன். மோட்டார் ஓடிக்கிட்டே இருந்துச்சு. நான் கத்துனது எனக்கே கேக்கலை. தண்ணி நெறஞ்சு என் மேல வழியுது. எந்திரிக்க முடியலை. செத்துருவேன்னு நெனைச்சேங்க. டாக்டர் போலாம்னு சொன்னப்ப இந்தத் தொட்டிதான் கண்ணு முன்னால வந்துச்சு. ஊர்ல எல்லாரும் என்னையத் தைரியசாலின்னு சொல்லிக்கிட்டுத் திரியிதாக. பயமா இருக்குன்னு யாருகிட்டச் சொல்ல? பாதை சரியில்லைன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அதையும் நீங்க சரி பண்ணுதேன்னு கெளம்பிட்டீங்க. பொறவு நீங்க சகதியோட வந்து சாப்பிடாமப் படுத்ததைப் பாத்து மனசு கேக்கலை.”

என் நோட்டில் டயர் அகலம் இருந்தது, தகட்டின் கனம் இருந்தது, மூன்று வகையின் விலையும் இருந்தது. பக்கத்து அறையில் இருந்தவளிடம் உனக்கு என்ன செய்கிறது என்று ஒரு தடவை கேட்டதாக எங்கும் இல்லை. கேட்டால் அவள் அந்த மூன்று போனைப் பற்றிப் பேசிவிடுவாளோ என்ற பயத்தில் மண்ணையும் இரும்பையும் பிடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

“நீ போன் அடிச்சப்ப...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்ங்க. லாக்கர்ல இருந்திருக்கும்” என்றாள்.

“வீட்டுக்குத் திரும்பிருவமா? இன்னொரு நாள் வரலாம். வராட்டாலும் சரிதான்.” மனதாரத்தான் சொன்னேன்.

அவள் கம்பை முதலில் வெளியே ஊன்றினாள். பிறகு காலை இறக்கினாள். நான் சுற்றி ஓடிப் போய் அந்தப் பக்கம் நின்றேன். தொட்டிக்கு இருபது அடி இருக்கும். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றாள். கம்பை ஆட்டோவில் சாய்த்து வைத்தாள்.

“கையைக் குடுங்க” என்றாள்.

கொடுத்தேன். ஆளுக்கு முன்னால் அவள் என் கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை. நகம் பதியப் பிடித்தாள். வலித்தது. தொட்டிக்குப் போய்ச் சேரும்வரை நான் அதைச் சொல்லவில்லை.